வெனிசில் ராத்திரி தங்குகிறவர்கள் யார்?

1

வாரப் பத்திரிகைகளில் வந்த ஐரோப்பியப் பயணத் தொடர்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு வெனிஸ் நகரம் மனப்பாடம். தண்ணீரில் மிதக்கும் நகரம். தெருவுக்குப் பதில் கால்வாய், காருக்குப் பதில் படகு. படகோட்டி பாடுகிறான், நிலா காய்கிறது, என்னே மனிதனின் ஆற்றல் என்று எழுதியவர் பெருமூச்சு விடுவார். அத்தோடு கட்டுரை முடிந்து அடுத்த வாரம் ரோம். இப்போது எழுதுகிறவர்கள் இன்னும் ஒரு பாராவைச் சேர்த்துக்கொள்கிறார்கள்: ஐயோ, இவ்வளவு அழகான ஊரைச் சுற்றுலாக் கூட்டம் நாசமாக்கிவிட்டதே! எழுதுகிறவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகத்தான் விமானம் ஏறினார் என்பது அவருக்கு நினைவிருக்காது. கூட்டம் என்றால் எப்போதும் மற்றவர்கள்தானே.

புகழ்ச்சியிலும் புலம்பலிலும் ஒரு விஷயம் பொதுவாகக் காணாமல் போயிருக்கிறது. அந்த ஊரில் வேலை செய்கிறவன். அந்த நகரம் சேற்றில் இறக்கிய மரக்கட்டைகளின் மேல் நிற்கிறது. சலூத்தே என்கிற ஒரு தேவாலயத்துக்கு மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல் கட்டைகள் என்று வழிகாட்டிகள் பெருமையாகச் சொல்கிறார்கள். ஒவ்வொரு கட்டையையும் கூலியாட்கள் கூட்டமாக நின்று, பாட்டுப் பாடித் தாளம் பிடித்து, கைச்சம்மட்டியால் அடித்து இறக்கினார்கள். நம்மூர் ஏற்றப்பாட்டு மாதிரி அதற்கும் தனிப் பாட்டு இருந்திருக்கிறது. கட்டடத்தை வரைந்த லொங்கேனாவின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. கட்டை அடித்தவனுக்குப் பெயர் இல்லை.

ஆகவே நான் இந்த நகரத்தை ஒரு பிரதியாக வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வியோடு வாசிக்க முயல்கிறேன். ராத்திரி இங்கே யார் படுக்கிறார்கள்? யாரைப் பொழுது சாய்ந்ததும் வெளியே அனுப்புகிறார்கள், அல்லது உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள்? சேரியில் பிறந்தவனுக்கு இந்தக் கேள்வி தானாகவே வரும். பகலெல்லாம் ஊருக்குள் நமக்கு வேலை இருக்கும். களம், மாட்டுக்கொட்டகை, சாவு வீடு எல்லாவற்றுக்கும் நாம் வேண்டும. பொழுது சாய்ந்தால் நமக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பார்கள். "இருட்டுறதுக்குள்ள தெருவுக்கு வந்துருடா" என்று என் ஆயா சொன்னது பேய்க்குப் பயந்து இல்லை.

2

2025 மே மாதத்து ஒரு சனிக்கிழமை. மொழிபெயர்ப்பு சம்பந்தமான ஒரு கூட்டத்துக்காக இத்தாலி போயிருந்தவன், மிச்சமிருந்த நாட்களுக்குப் பதுவாவில் அறை எடுத்திருந்தேன். நம்மூர்க் கிறிஸ்தவர்களுக்குத் தெரிந்த பதுவை அந்தோணியாரின் பதுவாதான். வெனிசில் அறை வாடகை எனக்குக் கட்டாது. ரயிலில் அரைமணி நேரப் பயணம்.

ரயிலடியை விட்டு வெளியே வந்தால் சட்டை மேல் பட்டை மாட்டிய ஆட்கள் நின்று செல்போனில் இருக்கும் கட்டச் சித்திரத்தைக் காட்டச் சொல்கிறார்கள். ஊருக்குள் நுழைய டிக்கெட். 2024 ஏப்ரல் 25 அன்று இதைத் தொடங்கினார்கள். அந்த வருடம் 29 நாட்கள், தலைக்கு 5 யூரோ. 2025-இல் 54 நாட்கள்; கடைசி நேரத்தில் வாங்கினால் 10 யூரோ. காலை எட்டரையிலிருந்து மாலை நாலு மணி வரை. ராத்திரி அந்த நகராட்சிக்குள் ஓட்டலில் தங்குகிறவனுக்கு இந்தக் கட்டணம் கிடையாது, அவன் அறை வாடகையோடு தனி வரி கட்டிவிடுகிறான். ஆக காலையில் வந்து மாலையில் திரும்புகிறவன்தான் இலக்கு. முன்கூட்டியே வாங்கத் தெரியாத நான் 10 யூரோ கட்டினேன். கட்டும்போது சிரிப்பு வந்தது. கோயில் நுழைவுக்குப் போராடிய பரம்பரை, ஊர் நுழைவுக்குக் காசு கட்டி ரசீது வாங்கிக்கொண்டது.

இதை வைத்து 'வெள்ளைக்காரன் தீண்டாமை' என்று உடனே எழுதிவிடலாம். கைதட்டல் கிடைக்கும். ஆனால் அது பொய். காசு கட்டினால் திறக்கும் கதவும், எவ்வளவு காசு இருந்தாலும் பிறப்பைக் காட்டி மூடும் கதவும் ஒன்றில்லை. இந்த வித்தியாசத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் மேலே போகவேண்டும்.

உள்ளூர்க்காரர்களின் வலி உண்மையானது. 1951-இல் அந்தத் தீவு நகரத்தில் ஏறத்தாழ 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022-இல் அது 50,000-க்குக் கீழே போய்விட்டது. ரியால்ட்டோ பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடைக் கண்ணாடியில் குடியிருப்போர் எண்ணிக்கையை மின் எழுத்தில் 2008 முதல் காட்டி வருகிறார்கள். காய்ச்சல் மானி மாதிரி. 2009 நவம்பரில், எண்ணிக்கை 60,000-க்குக் கீழே போனதும், ஊர்க்காரர்கள் சவப்பெட்டியைப் படகில் வைத்து நகரத்துக்கே சாவு ஊர்வலம் எடுத்தார்கள். 2023-இல் சுற்றுலாப் பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை குடியிருப்போரின் எண்ணிக்கையைத் தாண்டியது. ஊரில் இருக்கும் ஆட்களைவிட வந்துபோகிறவர்களின் கட்டில்கள் அதிகம்.

காரணம் ரகசியமில்லை. ஒரு குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவதைவிட, வாரத்துக்கு மூன்று பயணிகளுக்கு விட்டால் வீட்டுக்காரனுக்குப் பல மடங்கு லாபம். குடும்பம் போனால் மளிகைக்கடை போகிறது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைகிறார்கள், செருப்புத் தைக்கிற கடை இருந்த இடத்தில் முகமூடி பொம்மை விற்கிறார்கள். யாரும் யாரையும் அடித்து விரட்டவில்லை. வாடகையே விரட்டுகிறது.

டிக்கெட் போட்ட முதல் நாளே அவர்கள் தெருவில் இறங்கினார்கள். எங்கள் ஊர் பொருட்காட்சி இல்லை, எங்களுக்கு வேண்டியது வாயிற்காவல் இல்லை, வீடு என்பதுதான் அவர்கள் கோரிக்கை. முதல் வருட டிக்கெட்டில் நகராட்சிக்கு ஏறத்தாழ 24 லட்சம் யூரோ வசூல் ஆனது. கூட்டம் குறையவில்லை என்று எதிர்க்கட்சி நகர்மன்ற உறுப்பினர்கள் சுட்டிக்காட்டினார்கள். நான் போய்வந்த அடுத்த மாதம், ஜூன் கடைசியில், உலகப் பெரும்பணக்காரர்களில் ஒருவரான ஜெஃப் பெஸோஸின் திருமணம் அங்கே நடந்தது. அவரது விருந்தாளிகளைத் தள்ளுமுள்ளு என்று யாரும் அரசாங்க மொழியில் சொல்லவில்லை. எதிர்த்துக் கூச்சல் போட்டவர்கள் உள்ளூர் இளைஞர்கள்தான்.

இங்கேதான் நாம் மொழியைக் கவனிக்கவேண்டும். 'நகரத்தைக் காப்போம்' என்ற ஒரே கோஷத்துக்குள் இரண்டு குரல்கள் இருக்கின்றன. ஒன்று, எனக்கு இங்கே குடியிருக்க வீடு வேண்டும் என்கிறது. இன்னொன்று, 'தரமான' சுற்றுலாப் பயணி வேண்டும் என்கிறது. காலையில் வந்து மாலையில் போகிறவனுக்கு அங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு: கடித்துவிட்டு ஓடுகிறவன். சோற்று மூட்டையைக் கட்டிக்கொண்டு வருகிறான், படிக்கட்டில் உட்கார்ந்து தின்கிறான், காசு செலவழிக்கமாட்டேன் என்கிறான் என்பது குற்றச்சாட்டு. 2019-இல் ரியால்ட்டோ பாலத்துப் படியில் சின்ன அடுப்பு வைத்துக் காபி போட்ட இரண்டு ஜெர்மன் பயணிகளுக்கு 950 யூரோ அபராதம் விதித்தார்கள்.

நானும் பதுவாவிலிருந்து ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒரு தேவாலயப் படியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தவுடன் சீருடை போட்ட ஒருவர் வந்து, கையை மட்டும் ஆட்டி எழுந்துபோகச் சொன்னார். முகத்தில் கோபம்கூட இல்லை. எனக்குத்தான் காது சூடானது. கட்டுச்சோற்றோடு வேளாங்கண்ணிக்கும் தீட்சாபூமிக்கும் போகிற ஜனம் நாம். நம்முடைய பயணம் எப்போதும் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற பயணம்தான். சுற்றுலாவின் கேட்டைப் பேசும்போது வாடகைக்கு விட்டு லாபம் பார்க்கிறவனை விட்டுவிட்டு, பொட்டலம் பிரிக்கிறவனைப் பிடிப்பது அழகியல் இல்லை. அது வர்க்கப் பார்வை.

3

பயணக் கட்டுரைகள் எழுதாத ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். வெனிசின் பெரும்பகுதிக்கு நாம் அறிந்த மாதிரியான பாதாள சாக்கடை கிடையாது. வீடுகளுக்கு அடியில் செங்கல் ஓடைகள் இருக்கின்றன. அவற்றின் வழியாகக் கழிவு கால்வாய்க்கு வருகிறது. கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்கி அதை அடித்துக்கொண்டு போகிறது. பல கட்டடங்களில் மலத்தொட்டிகள் உண்டு. அவற்றைக் குழாய் போட்டு உறிஞ்ச தனிப் படகுகள் வருகின்றன. எல்லாரும் நிலாவைப் பார்த்துப் பெருமூச்சுவிட்ட தண்ணீர் இதுதான்.

ஒரு குறுகலான கால்வாயில் அப்படி ஒரு படகு நின்றிருந்தது. நான் பாலத்தின் மேல் நின்று முக்கால் மணி நேரம் பார்த்தேன். அரண்மனையைப் பார்க்க அவ்வளவு நேரம் செலவழிக்கவில்லை. இரண்டு பேர். கையுறை, பூட்ஸ், கனத்த சீருடை. தடித்த குழாயைச் சுவரோரத்துக்கு இழுத்து மூடியைத் திறந்து உள்ளே விட்டார்கள். இயந்திரம் ஓடியது. யாரும் தொட்டிக்குள் இறங்கவில்லை. நாற்றம் வந்தது, போகிறவர்கள் மூக்கைப் பிடித்தார்கள். வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு அந்த இரண்டு பேரும் எதிரிலிருந்த காபிக்கடைக்குள் போனார்கள். அங்கே நின்றுகொண்டேதான் காபி குடிக்கவேண்டும். கோட்டு போட்ட ஒருவருக்கும் வயதான ஒரு பெண்ணுக்கும் நடுவில் தோள் உரச நின்றார்கள். அதே வெள்ளைக் குவளை. கடைக்காரர் எதையோ சொல்ல, எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள்.

இவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது என்று சாதி இந்து வாசகர் கேட்பார். எனக்குக் கண் கலங்கியது. மலம் அள்ளும் வேலையை ஒழிக்க 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம் போட்டார்கள் நம் நாட்டில். அதற்குப் பிறகும் மலக்குழிக்குள் இறங்கி நம் ஆட்கள் மூச்சுமுட்டிச் செத்துக்கொண்டே இருந்தார்கள். நம்மிடம் இயந்திரம் இல்லாததாலா? வானத்துக்கு ராக்கெட் விடுகிற நாட்டில் ஒரு குழாய்க்கும் மோட்டாருக்கும் பஞ்சமா? ஒரு மனிதன் மலிவாகக் கிடைக்கிறான், அவன் பிறப்பு அந்த வேலைக்கென்று எழுதிவைத்திருக்கிறது, அதனால் இயந்திரம் தேவைப்படவில்லை. வெனிசில் அந்த வேலை நாறுகிற வேலை. நம்மூரில் வேலை மட்டும் நாறுவதில்லை, அதைச் செய்கிறவனின் பிள்ளையும் பேரனும் நாறுவதாகச் சொல்கிறார்கள். இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, மலப்படகுத் தொழிலாளி கையில் இருந்த அந்தக் குவளைதான் வெனிசின் சிறந்த கலைப்பொருளாகத் தெரிந்தது.

ஆனால் ஐரோப்பாவைச் சமத்துவபுரம் என்று எழுதிவைத்துவிட்டுப் போக நான் வரவில்லை. அந்தக் காபிக்கடையை விட்டுக் கிளம்பும்போது எல்லாரும் ஒருவருக்கொருவர் 'சாவ்' என்று சொல்லிக்கொண்டார்கள். இன்று உலகம் முழுக்க நாகரிகமாகச் சொல்லப்படும் இந்த வார்த்தை வெனிஸ் வட்டார மொழியில் 'அடிமை' என்ற சொல்லிலிருந்து வந்தது. உங்கள் அடிமை நான் என்று பொருள். நம்முடைய 'அடியேன்' மாதிரி. எசமானைப் பார்த்து அடிமை சொல்லும் வார்த்தையை, எசமான்கள் தங்களுக்குள் மரியாதைக்குச் சொல்லிக்கொண்டார்கள். பிறகு எல்லாருக்கும் பொதுவானது. சொல் விடுதலையாகிவிட்டது. அந்தச் சொல்லுக்குள் இருந்த ஆள் என்ன ஆனான்?

4

அந்த ஆளை ஃப்ராரி தேவாலயத்துக்குள் பார்த்தேன். தித்சியானோவின் ஓவியத்தைப் பார்க்க ஜனம் அங்கே வரும். இடதுபக்கச் சுவரில் ஜொவான்னி பேசரோ என்ற நகரத் தலைவனுக்கு 1669-இல் முடித்த நினைவுச் சின்னம் இருக்கிறது. இதையும் லொங்கேனாதான் வரைந்தார். துருக்கியரோடு போரைத் தொடரவேண்டும் என்று வாதாடிய தலைவன் அவன். மேலே அவன் மகிழ்ச்சியாக உட்கார்ந்திருக்கிறான். கீழே அந்த முழு மண்டபத்தையும் நான்கு கறுப்பு மனிதர்கள் தோளில் தாங்கி நிற்கிறார்கள். ஆளைவிடப் பெரிய உருவங்கள். தோலுக்குக் கறுப்புச் சலவைக்கல், துணிக்கு வெள்ளைக்கல். சிற்பி அந்த வெள்ளைத் துணியை வேண்டுமென்றே கிழித்திருக்கிறான். கிழிசல் வழியாகக் கறுப்பு முழங்கால் தெரிகிறது. பாரம் அழுத்தாமலிருக்கத் தோளில் சும்மாடு மாதிரி ஒரு மெத்தை.

சும்மாடு வைத்துச் சுமை தூக்கியவர்களின் பேரனுக்கு அந்தச் சிற்பத்தின் முன்னால் கலை ரசனை வரவில்லை. நான்கு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். சிற்பிக்கு வேலை தெரியும். வலியைச் சரியாகச் செதுக்கியிருக்கிறான். வலியை இவ்வளவு நுட்பமாகப் பார்த்தவனுக்கு அது அநியாயமாகத் தோன்றவில்லை என்பதுதான் விஷயம். அலங்காரமாகத் தோன்றியிருக்கிறது. நமது மரபில் உழவன் வியர்வையை அழகாகப் பாடிய புலவர்களையும் இப்படித்தான் வாசிக்கவேண்டும். நுட்பமாகப் பார்ப்பது வேறு, பக்கம் நிற்பது வேறு.

அக்காதெமியா ஓவியக்கூடத்தில் கர்ப்பாச்சோ 1490-களில் வரைந்த ரியால்ட்டோ பாலத்து ஓவியம் இருக்கிறது. ஓவியத்தின் பொருள் ஒரு சிலுவை செய்த அற்புதம். அது இடது மூலையில் மேலே நடக்கிறது. முன்னால் தண்ணீரில் ஒரு கறுப்பினப் படகோட்டி தன்பாட்டுக்குத் துடுப்புப் போட்டுக்கொண்டிருக்கிறான். அடிமை வாணிபம் நடந்த நகரம் அது. அடிமையாக வந்தவர்களும் விடுதலை பெற்றவர்களும் படகு ஓட்டியிருக்கிறார்கள். பாடுகிற படகோட்டியைப் பற்றி எழுதிய நம் கட்டுரையாளர்கள் யாரும் இவனைப் பார்த்ததாக எழுதவில்லை. 2003-ஆம் ஆண்டு வெனிஸ் கலைக் கண்காட்சியில் ஃப்ரெட் வில்சன் என்ற கறுப்பின அமெரிக்கக் கலைஞர், இந்த நகரத்தின் ஓவியங்களிலும் சிற்பங்களிலும் இருக்கும் கறுப்பு மனிதர்களை மட்டும் முன்னுக்குக் கொண்டுவந்து ஒரு காட்சி வைத்தார். பார்க்கிற கண்ணை மாற்றினால் போதும், அதே நகரம் வேறு கதை சொல்லும் என்பதற்கு அது ஒரு பாடம்.

இது ஐந்நூறு வருடப் பழங்கதை என்று ஒதுக்கமுடியாது. 2017 ஜனவரியில் காம்பியா நாட்டிலிருந்து வந்த 22 வயது இளைஞன் ஒருவன், ரயிலடிக்குப் பக்கத்தில் பெரிய கால்வாயில் மூழ்கிச் செத்தான். சுற்றிலும் படகுகள். மிதவை வளையங்களைத் தூக்கிப் போட்டார்கள், ஒருவரும் குதிக்கவில்லை. பலர் செல்போனில் படம் பிடித்தார்கள். 'ஆப்பிரிக்கா' என்று ஒரு குரல் கத்துவது அந்தப் படத்தில் கேட்கிறது. பார்ப்பதற்கென்றே ஒரு நகரத்தை அமைத்துவிட்டால், கண்ணுக்கு முன்னால் சாகிறவனும் காட்சியாகிவிடுகிறான். சுற்றுலாவின் கேடு என்று நான் இதைத்தான் சொல்லுவேன். கூட்டம், குப்பை எல்லாம் இதற்குப் பிறகு.

5

ரயிலடியிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் கனரெஜ்ஜோ பகுதியில் கெட்டோ. உலகத்தின் எல்லாச் சேரிகளுக்கும் இந்த இடத்தின் பெயரைத்தான் வைத்தார்கள். பழைய வெனிஸ் மொழியில் உலோகம் உருக்கும் பட்டறைக்கான சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். 1516 மார்ச் 29 அன்று வெனிஸ் ஆட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. நகரத்து யூதர்கள் எல்லாரும் இந்தச் சின்னத் தீவில்தான் குடியிருக்கவேண்டும். பகலில் நகரத்துக்குள் போய்வரலாம், மஞ்சள் அடையாளம் அணிந்துகொள்ளவேண்டும். ராத்திரி கதவு பூட்டப்படும். சான் மார்க்கோ மணி அடித்தால் காலையில் திறக்கப்படும். காவலர்கள் கிறிஸ்தவர்கள். சுற்றிலும் கால்வாயில் ரோந்துப் படகு. இந்தக் காவலர்களுக்கும் படகுக்கும் சம்பளம் யார் கொடுக்கவேண்டும் தெரியுமா? பூட்டப்பட்டவர்கள். அங்கே முன்பு கிறிஸ்தவர்கள் கட்டிய வாடகையைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகவும் யூதர்கள் கட்டவேண்டும்.

தொழில்? வட்டிக்கடை, பழந்துணி வியாபாரம், வைத்தியம். பிறகு வட்டிக்காரன் என்று ஏசுவார்கள். செத்த மாட்டை நீதான் எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, மாட்டுக்கறி தின்கிறவன் என்று ஏசுவது நமக்குத் தெரியாத உத்தியா?

இடம் போதாமல் வீடுகளை மேலே மேலே கட்டினார்கள். ஏழு மாடி, எட்டு மாடி. கூரை தாழ்ந்திருப்பதால் ஜன்னல்கள் நெருக்கமாக இருக்கின்றன. வெளியிலிருந்து எண்ணினாலே உள்ளே ஒரு ஆள் குனிந்துதான் நடக்கமுடியும் என்று தெரிகிறது. ஐந்து தொழுகைக்கூடங்கள். வெளியே தெரியாமல் மேல்மாடியில் ஒளித்துக் கட்டியவை. நெப்போலியனின் படை வந்த பிறகு, 1797 ஜூலையில் கதவுகளைப் பிடுங்கி எரித்தார்கள். ஆனால் 1943 செப்டம்பரில், நாஜிகள் கையில் நகரம் விழுந்தபோது, யூத சமூகத்தின் தலைவரான ஜியுசெப்பே யோனா என்ற மருத்துவர் தற்கொலை செய்துகொண்டார். தன் மக்களின் பெயர்ப் பட்டியலைக் கொடுக்கக்கூடாது என்பதற்காக. அதன்பிறகும் இருநூறுக்கு மேற்பட்டவர்களை முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். கதவை எரிப்பதும் வெறுப்பை எரிப்பதும் ஒன்றில்லை என்பதற்கு இந்த ஊரே சாட்சி.

நுழைகிற சந்தின் கல்தூணில் கீல் மாட்டிய துளைகள் இன்னும் இருக்கின்றன. விரலை விட்டுப் பார்த்தேன். கொஞ்சம் தள்ளிச் சுவரில் 1704-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று. கிறிஸ்தவனாக மதம் மாறிய யூதன் கெட்டோவுக்குள் திரும்பி வரக்கூடாது, பழைய உறவுகளின் வீட்டுக்குப் போகக்கூடாது, மீறினால் கடும் தண்டனை என்கிற ஆணை. அதை நின்று படிக்கும்போது இன்னொரு ஆணை நினைவுக்கு வந்தது. 1950-இல் போட்ட குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து மதத்தில் இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவத் தலித்தையும் முஸ்லிம் தலித்தையும் சேர்க்கவில்லை. வெனிசில் மதம் மாறினவனைச் சேரிக்கு வெளியே வைத்துக் கதவைச் சாத்தினார்கள். இங்கே மதம் மாறினவன் சேரியிலேயேதான் இருக்கிறான், கல்லறையில்கூடத் தனி வரிசை. சலுகை மட்டும் அவனை விட்டுப் போய்விடுகிறது.

கல்லூரியில் எங்களுக்கு 'வெனிஸ் வணிகன்' பாடமாக இருந்தது. கருணை பற்றி போர்ஷியா பேசும் பேச்சை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். ஷைலக் கெட்டவன், சரி, அடுத்த பாடம். அந்த நாடகத்தை இப்போது இந்தச் சதுக்கத்தில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். ஷேக்ஸ்பியர் அதை எழுதும்போது கெட்டோ தோன்றி எண்பது வருடம் ஆகிவிட்டது. நாடகத்தில் கெட்டோ என்ற சொல்லே இல்லை. ஷைலக் ராத்திரி விருந்துக்கு வெளியே போகிறான், அவன் மகள் ராத்திரியில் வீட்டைவிட்டு ஓடிப்போகிறாள். உண்மையில் கதவு பூட்டியிருக்கும், கால்வாயில் காவல் படகு சுற்றும். மதிலை எடுத்துவிட்டால் என்ன ஆகிறது? ஷைலக்கின் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் போகிறது. அது அவன் பிறவிக் குணமாகிவிடுகிறது. சேரியைக் காட்டாமல் சேரிக்காரனின் 'முரட்டுத்தனத்தை' மட்டும் காட்டுகிற நம் சினிமாவும் நாவலும் செய்வது இதே வேலைதான்.

ஆனாலும் ஷேக்ஸ்பியரின் கையை மீறி ஓர் இடம் வந்துவிடுகிறது. நீதிமன்றத்தில் ஷைலக் திருப்பிக் கேட்கிறான்: நீங்கள் விலை கொடுத்து வாங்கிய அடிமைகளைக் கழுதை மாதிரி நடத்துகிறீர்களே, அவர்களை விட்டுவிடு என்று நான் சொன்னால் விடுவீர்களா? அந்தக் கேள்விக்கு அந்தச் சபையில் பதில் இல்லை. எங்கள் வகுப்பில் அந்தப் பகுதியை ஆசிரியர் நடத்தவே இல்லை. ஃப்ராரியின் நான்கு பேரைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு அதுதான் நாடகத்தின் நடு இடமாகத் தெரிகிறது.

2016-இல், கெட்டோவின் ஐந்நூறாவது ஆண்டில், அந்த நாடகத்தை அதே சதுக்கத்தில் நடத்தினார்கள். அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதியாக இருந்த ரூத் பேடர் கின்ஸ்பர்க் தலைமையில் ஷைலக்குக்கு ஒரு மேல்முறையீட்டு விசாரணையும் கற்பனையாக நடந்தது. கட்டாய மதமாற்றத் தண்டனையை ரத்து செய்தார்கள். நல்ல காரியம். நானூறு வருடம் கழித்து என்றாலும் ஒரு கதாபாத்திரத்துக்கு மேல்முறையீடு கிடைத்தது. நந்தனின் வழக்கை யார் மறுவிசாரணை செய்வது? தீக்குளித்தது யார், தள்ளியது யார்?

6

அம்பேத்கர் எழுதி வைத்திருந்து, அவர் மறைவுக்குப் பின் 1989-இல் மகாராஷ்டிர அரசு வெளியிட்ட ஐந்தாம் தொகுதியில் ஒரு நூல் இருக்கிறது. தலைப்பிலேயே தீண்டத்தகாதவர்களை இந்தியக் கெட்டோவின் பிள்ளைகள் என்கிறார். கிராமம் என்று புகழ்கிறீர்களே, அதில் கிராமம் உங்களுடையது, கெட்டோ எங்களுடையது என்பதுதான் அதில் அவர் வாதத்தின் சாரம். வெனிசின் ஒரு தீவுக்குச் சொந்தமான சொல்லை எடுத்து லட்சக்கணக்கான இந்திய ஊர்களின் மேல் அவர் பொருத்தினார். அதனால்தான் ஒரு தலித்துக்கு வெனிஸ் அந்நிய ஊர் இல்லை.

பொருத்தும்போது வித்தியாசமும் தெரிகிறது. வெனிஸ் கெட்டோவுக்குப் பிறந்த தேதி இருக்கிறது. தீர்மானம் இருக்கிறது, கதவு இருந்தது, எரித்த நாள் இருக்கிறது, துளை மிச்சமிருக்கிறது. நம் சேரிக்குப் பிறந்த தேதியில்லை, கதவுமில்லை. கதவில்லாததை எப்படி எரிப்பது? துளையே இல்லாத இடத்தில் விரலை எங்கே விடுவது?

இப்போது கெட்டோவில் அருங்காட்சியகம், யூத உணவகம், ஓவியக் கடைகள், காவலுக்கு ஆயுதம் தாங்கியவர்கள். யூதர்கள் வெகு சிலரே குடியிருக்கிறார்கள். குழுக் குழுவாகப் பயணிகள் வந்து உயரமான ஜன்னல்களைப் படம் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். நாலாவது மாடியில் ஒரு கிழவி துணி காயப்போட வெளியே எட்டிப்பார்த்தவள், என் கேமராவைக் கண்டதும் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். ஆராய்ச்சிக்கென்று எங்கள் தெருவுக்கு வந்து குடிசையைப் படம் எடுத்துப் போனவர்களை நாங்கள் ஏசியிருக்கிறோம். அன்றைக்கு அந்த ஏச்சு எனக்குத்தான். என் காசில், என் காலில் வந்தவன் என்பதால் என் பார்வை சுத்தமாகிவிடாது.

கடைசி ரயிலுக்கு முந்தினதில் பதுவா திரும்பினேன். பெட்டி நிறைய ஓட்டல் சமையலறை வேலையாட்கள். எதிரே உட்கார்ந்தவர் வங்காளதேசத்துக்காரர். என் அரைகுறை இந்தியும் அவருடைய அரைகுறை இந்தியும் சேர்ந்து ஒரு பேச்சு நடந்தது.

"பாய், எங்க தங்கியிருக்கீங்க?" என்றேன்.

"மெஸ்த்ரேல. ஆறு பேர் ஒரு வீட்டுல. இங்க எல்லாருமே அங்கதான்."

"வெனிஸ்ல எத்தனை வருஷமா வேலை?"

"பன்னிரண்டு வருஷம் பாய். பாத்திரம் கழுவினேன், இப்ப சமைக்கிறேன். இத்தாலிக்காரச் சாப்பாடு எல்லாம் எங்க கைதான்." சிரித்தார். பிறகு சன்னமாகச் சொன்னார்: "பன்னிரண்டு வருஷத்துல ஒரு ராத்திரிகூட அங்க தூங்குனதில்ல."

மெஸ்த்ரேயில் பெட்டி பாதி காலியானது. அவரை யாரும் பூட்டவில்லை, மஞ்சள் துணி அணியச் சொல்லவில்லை. அவர் வேலைக்காரர் என்பதால் வாசலில் டிக்கெட்டும் கேட்கமாட்டார்கள். ராத்திரியில் ஊரைவிட்டுப் போய்விடுகிறார், அவ்வளவுதான். குடியிருப்போர் எண்ணிக்கையை மின் எழுத்தில் காட்டும் அந்த மருந்துக்கடைப் பலகையில் அவர் எண் இல்லை. படுக்கைக் கணக்கிலும் இல்லை. வெனிஸ் யாருடையது என்ற சண்டையில், ஊர்க்காரனுக்கும் பயணிக்கும் நடுவில் அவருக்கு இடமே இல்லை.

நகரத்தைக் காப்போம் என்கிற தோழர்கள் வெனிசில் இருந்தாலும் சரி, நம்முடைய மதுரையிலோ மாமல்லபுரத்திலோ இருந்தாலும் சரி, அவர்களிடம் கேட்க எனக்கு இருப்பது இந்த ஒரு கேள்விதான். நீங்கள் காப்பாற்றப்போகிற ஊரில் அந்தச் சமையற்காரருக்கு ஒரு கட்டில் உண்டா? உண்டு என்றால் நாமும் கூட வருகிறோம். கோஷம் போடுகிறோம், வாடகைக்கு எதிராகப் படகை மறிக்கிறோம். இல்லையென்றால், அது யாருடைய ஊர் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

பயணக் கட்டுரை எழுதும் தலித் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. போங்கள், நிறையப் போங்கள். உலகத்தைப் பார்க்கும் உரிமையை யாரும் நமக்குச் சும்மா தரவில்லை. போகிற ஊரில் மலப்படகு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ராத்திரி கடைசி ரயிலில் யார் ஏறுகிறார்கள் என்று பாருங்கள். அதை எழுதுங்கள். நிலாவைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.